முடித்து வைத்தவள்

பனியன் கம்பெனியில் எங்கள் தையல் லைனின் முன்னால் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். இடப்பக்கம் டார்கெட், வலப்பக்கம் அச்சீவ்மெண்ட். மணிக்கொரு தடவை சூப்பர்வைசர் அருள்குமார் வந்து ஆளாளுக்கு எழுதுவார். அச்சீவ்மெண்ட் கூடினால் மறுநாள் டார்கெட்டும் கூடிவிடும். அதனால் பழகிய டெய்லர்கள் தைத்ததில் கொஞ்சத்தை மிஷினுக்கு அடியில் பதுக்கி, அடுத்த மணிக்குக் காட்டுவோம். இதைத் திருட்டு என்பவர்கள் ஒரு நாள் வந்து ஓவர்லாக் மிஷினில் உட்காரட்டும்.

ரோஸ்மேரி சிவகங்கைப் பக்கத்துப் பெண். மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தைக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அம்மாதான் தலையில் பூமுடி வைக்க வேண்டுமென்று போனில் ஒரே அழுகையாம். சனிக்கிழமை காலையில் வந்ததுமே லீவு கேட்டாள்.

"இன்னைக்கு டார்கெட்டை முடிச்சுட்டு, சாயங்காலம் பஸ் ஏறிக்குங்க" என்றார் அருள்குமார்.

"பதுக்கி வெச்சே தை கண்ணு. நல்லாத் தைக்கறவளை உடமாட்டாங்க" என்றேன்.

"இன்னைக்கு ஒருநாள்தானக்கா."

சாப்பாட்டுக்குக்கூட அவள் எழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவள் டார்கெட்டைத் தாண்டியதும் மேனேஜரே வந்துவிட்டார். பலகைக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அருள்குமார் எம்.ஏ. இங்கிலீஷ். படித்ததை வேறெங்கே காட்டுவார், பாவம்.

"அச்சீவ்மெண்ட்டுங்கறது பழைய பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தைங்க. ஒரு காரியத்தைத் தலைக்குக் கொண்டு வர்றது, அதாவது முடிச்சு வெக்கறதுன்னு அர்த்தம். ரோஸ்மேரி முடிச்சுக் காட்டிட்டாங்க."

எல்லோரும் கை தட்டினோம்.

"அப்ப முடிஞ்சிருச்சுல்ல சார், நான் கெளம்பவா?" என்றாள் ரோஸ்மேரி.

அருள்குமார் மேனேஜரைப் பார்த்தார்.

"திங்கக்கெழமை ஷிப்மெண்ட்டுங்க. இந்தக் கையை எப்படி உடறது?" என்று மேனேஜர் சிரித்தார். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஹாஸ்டல் பெண்களுக்கு கேட் திறக்காது.

அவர் போனதும் அருள்குமார் பலகையைத் துடைத்தார். அவளுடைய அச்சீவ்மெண்ட் எண்ணை அப்படியே டார்கெட்டுக்குக் கீழே எழுதினார். இனி அது எங்கள் எல்லோருக்கும். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ரோஸ்மேரி என் செல்போனை வாங்கி நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் என் கையிலேயே திணித்துவிட்டாள்.

"நீங்களே சொல்லிருங்கக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிட்டது.

"அம்மா, பஸ் ஏறிட்டியா?"