சால்வையின் நிறம்

இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய மறு ஞாயிறே தனபால் வீட்டில் மதிய விருந்து வைத்துவிட்டார். இல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்திருக்கும். பனியன் கம்பெனி முதலாளிகள் நாலைந்து பேர் மனைவிமாரோடு ஹாலில் உட்கார்ந்திருக்க, பெரிய டிவியில் போட்டோக்கள் ஓடின. எல்லாப் போட்டோவிலும் தனபால் இருந்தார். இத்தாலி அவருக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது.

"இது பூராம் மெடிக்கல் டவுனுங்க," என்றார், மலைமேல் கல் வீதியும் கோபுரமுமாக நின்ற ஓர் ஊரைக் காட்டி.

"ஆஸ்பத்திரியெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார் சாயப்பட்டறை முருகேஷ்.

"மெடிக்கல் இல்லீங்க, மெடிவல். எழுநூறு வருசத்துப் பழைய ஊருங்க," என்று முறுக்குத் தட்டோடு வந்த இந்துமதி திருத்தினாள்.

"அதேதானுங்க. ஒரு ஊட்டுக்குக்கூட கார் பார்க்கிங் இல்ல. என்னத்தக் கட்டுனானுங்களோ!" என்றார் தனபால். இந்துமதி தட்டைச் சத்தம் வர வைத்தாள். இப்படி ஒரு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த போட்டோ திராட்சைத் தோட்டம். அங்கே ஒயினை நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பச் சொன்னார்கள். காசு கொடுத்ததைத் துப்புகிறவன் கிறுக்கன் என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவரின் கிளாஸையும் சேர்த்து விழுங்கியவர் தனபால். பையிலிருந்து மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து, சோடா வேறு கேட்டார். தோட்டக்காரப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது அதே மனிதர் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்த்து, "ஓக் மரத்து வாசம் வருதுங்களா?" என்று விருந்தாளிகளைக் கேட்கிறார். ஒயின் பீப்பாய் செய்கிற அந்த ஓக் மரம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

இதையெல்லாம்கூட இந்துமதி மன்னித்திருப்பாள். மியூசியத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

உடுமலையில் பி.ஏ. வரலாறு படித்த காலத்தில், நூலகப் புத்தகம் ஒன்றில் அவள் ஓர் ஓவியத்தைப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு பெண், படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து பார்க்கிறாள். தோளில் சால்வை. கருப்பு வெள்ளையில் அச்சடித்த படம். அந்தச் சால்வை என்ன நிறமாக இருக்கும் என்ற கேள்வி அன்று மனசுக்குள் புகுந்தது, போகவே இல்லை. போனில் தேடினால் நொடியில் தெரிந்துவிடும். வேண்டுமென்றே தேடவில்லை. நேரில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக வைத்திருந்தாள். விமானத்தில் கணவரிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கா இத்தன தூரம்?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார்.

அந்த ஓவியம் மியூசியத்தின் கடைசி அறையில் இருந்தது. அதற்கு முந்தின அறையில் குதிரையும் வேட்டை நாயும் நெய்த பழங்காலத் திரைச்சீலை ஒன்று சுவர் முழுக்கத் தொங்கியது. தனபாலின் கை சும்மா இருக்குமா? துணியைக் கண்டால் திருப்பூர்க்காரன் கை அதன் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கும், வாய் அதன் கனத்தைச் சொல்லும். கல்யாண மேடையில் மாப்பிள்ளை சட்டையையே அப்படித் தேய்த்துப் பார்த்தவர் அவர். கயிற்றைத் தாண்டிப் போய்ப் பிடித்தார். "நானூறு ஜி.எஸ்.எம். வரும்," என்று சொல்லி முடிக்குமுன் அலாரம் அலறியது. காவலர்கள் ஓடி வந்தார்கள். பாஸ்போர்ட்டைப் படம் பிடித்துக்கொண்டு, இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று தனபாலிடம் கறாராகச் சொன்னார்கள். கூட வந்த பாவத்துக்கு இந்துமதியையும் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு அறை என்று அவள் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

"நம்ம தொழிலு தெரிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கே கூட்டிட்டுப் போயிட்டானுங்கன்னா பாத்துக்குங்களேன்," என்று இப்போது தனபால் அளந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். "இந்து ஒரு படத்தப் பாக்கோணும்னு அழுதா. அதான் நெட்டுல தேடி எடுத்து நம்ம கம்பெனியிலயே அடிச்சுட்டேன். எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு!"

டீ-ஷர்ட்டுகள். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் அந்தப் பெண். அளவு தப்பி, அவள் நெற்றி கழுத்துப் பட்டைக்குள் போயிருந்தது. சால்வை பளீரென்ற ரோஸில், ராணி கலரில் இருந்தது. இந்துமதி சட்டென்று முகத்தைத் திருப்பியும் நிறம் கண்ணில் பட்டுவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா?

"ஒரிஜினல் கலரு எடுபடலீங்க. ராணி கலர்ல போட்டா தூக்குதுன்னு மாத்தச் சொல்லிட்டேன்," என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னார் தனபால். "இந்து, நீயே புடிச்சுப் பாரு. துணி எப்புடி?"

அவளுக்கு உயிர் வந்தது. அப்படியானால் அந்த நிறம் இன்னும் பத்திரமாக அங்கேயே இருக்கிறது. டீ-ஷர்ட்டின் நுனியை விரலிடுக்கில் வைத்து அவரைப் போலவே நிதானமாகத் தேய்த்தாள்.

"துணி நல்ல கனமாத்தானுங்க இருக்குது," என்றாள். "ஆளுதான் லேசுங்க."

முருகேஷ் வாய்க்குள் வைத்த முறுக்கைக் கடிக்காமல் இருந்தார். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். தனபால் முகம் சிவந்து, பேச்சை மாற்ற அவசரப்பட்டார். "அட, ஒரிஜினல் கலரு என்னன்னு கேட்டீங்கன்னா..."

"சொல்லாதீங்க!" இந்துமதி ஹாலே அதிரச் சத்தம் போட்டாள். பிறகு வழக்கமான மரியாதைக் குரலுக்கு இறங்கினாள். "நான் போய்ப் பாத்துக்கறேனுங்க. தனியாத்தான் போறேன். உங்களத்தான் அங்க உள்ள உட மாட்டாங்களே."

தனபால் கையிலிருந்த டீ-ஷர்ட்டின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தபடியே நின்றார்.