தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

கௌசலா முற்றத்தின் நடுவில் குந்திவிட்டாள். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூச்சை ஒவ்வொன்றாக இழுத்தாள். மீனலோசனி கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எதிரே தானும் குந்தினாள்.

எட்டு வயதுப் பிள்ளை. இருதயத்தில் பழுதோடு பிறந்தவள். மூச்சு முட்டினால் குந்த வேண்டுமென்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நடக்கப் பழகிய நாளிலேயே தானாகக் குந்தினாள். "நான் படிச்சு அறிஞ்சதை இவள் படியாமலே அறிஞ்சு வைச்சிருக்கிறாள்" என்று யாழ்ப்பாணத்து டொக்டரே வியந்தார். அன்றிலிருந்து மீனலோசனிக்குப் பிள்ளையைப் பார்க்க ஒரு பயபக்தி. இது என் வயிற்றில் கிடந்ததுதானா என்று நினைப்பாள். வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது.

முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த கிழமைக்குள் போய்விட்டதால் இவளைத் தவிட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். கணவனின் தமக்கை நாகபூசணி ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். ஆரோ ஒருத்தியின் பிள்ளை என்று யமன் ஏமாந்து திரும்பிப் போவானாம். சரவணை ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, பிள்ளையைத் தவிர. அவள் அடுத்த வளவு வீட்டு நாகபூசணியை அம்மா என்றும் பெற்றவளை மாமி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். பால் கொடுக்கும்போதுகூட மீனலோசனி "மச்சாளின்ரை பிள்ளை" என்றுதான் கொஞ்சினாள்.

கொழும்பில் ஒப்பரேசனுக்கு மூன்று தரம் திகதி வந்தது. முதல் தரம் ரயில் ஓடவில்லை. இரண்டாம் தரம் போய்ச் சேர்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்று ஆசுபத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது, இந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஆனிக் கடைசி. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. இப்போது ஆடி. பழைய கடதாசி செல்லுமா, புதுத் திகதி தருவார்களா, பாதை திறக்குமா, கேட்டுச் சொல்ல ஆளில்லை. நோயாளரை ஏற்றக் கப்பல் வரும் என்றொரு கதை மட்டும் உலாவியது. தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாதை கோட்டைச் சண்டையால் மூடிக் கிடந்தபடியால், கப்பலைப் பற்றி விசாரிக்க அவள் கணவன் பாலசிங்கம் விடியவே அராலிப் பக்கமாக வள்ளத்தில் பட்டினம் போயிருந்தான்.

"மாமி, மாமா கப்பல் கேட்டிட்டு வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லையம்மா. வந்திடுவார்."

பிள்ளையின் உதடு நாவற்பழ நிறமாகியிருந்தது. குந்தினால் அடங்குகிற மூச்சு இன்றைக்கு அடங்கவில்லை. நாகபூசணி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவந்து ஓலை விசிறியால் விசிறினாள். மீனலோசனிக்கு விளங்கிவிட்டது. இனிக் கப்பல் வந்தும் பயனில்லை. ஒருக்காலாவது சொல்லிவிட வேண்டும். பிள்ளையை வாரி மடியில் போட்டாள்.

"கௌசலா, இஞ்சை பார். நான் உன்ரை..."

நீலம் பாரித்த சின்னக் கை அவள் வாயைப் பொத்தியது.

"தெரியும் மாமி. சொல்லாதேங்கோ." பிள்ளை மூச்சுக்கு நிறுத்தினாள். "ஒப்பரேசன் முடியட்டும். பிறகு கூப்பிடுறன்."

மீனலோசனி அந்தக் கையை மெல்ல எடுத்துப் பிடித்துக்கொண்டாள். எப்போது அறிந்தாள்? எத்தனை ஆயிரம் மாமியைத் தெரிந்துகொண்டே சொல்லியிருப்பாள்? யமனை ஏய்க்கிற வேலை தன்னுடையது என்று இத்தனை வருடமும் எண்ணியிருந்தாள். இந்தக் குஞ்சு தன்பாட்டில் அதைச் செய்துகொண்டு இருந்திருக்கிறது. அழுகைகூட வரவில்லை. ஒரு பெரிய மனிசியின் முன்னால் இருப்பதுபோல இருந்தது.

மூன்று மணிபோல மூச்சு நின்றது. நாகபூசணிதான் முதலில் குரல் வைத்தாள்.

பொழுது சாயப் பாலசிங்கம் வந்தான். படலையிலிருந்தே, "ஒண்டும் தெரியாதாம். வாற கிழமை ஒருக்கா வந்து பாக்கட்டாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவன், முற்றத்தில் சனத்தைக் கண்டு நின்றுவிட்டான்.

அடுத்த நாள் காலை குளிப்பாட்டுவதற்காகப் பிள்ளையைக் கிணற்றடி வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். அயல் மனிசி செல்லாச்சி முறை சொன்னாள்.

"முதல் தண்ணி தாய்தான் ஊத்தவேணும். பிறகு மாமிமார்."

நாகபூசணி செம்பை மீனலோசனியிடம் நீட்டினாள்.

"இனி என்னத்துக்கு ஒளிப்பு மறைப்பு? உம்மடை பிள்ளை. நீர் ஊத்தும்."

மீனலோசனி கை நீட்டவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் ஊத்துங்கோ மச்சாள். ஒப்பரேசன் இன்னும் முடியேல்லைத்தானே."

நாகபூசணி முதல் தண்ணீரை ஊற்றினாள். மீனலோசனி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, கிணற்றடியைச் சுற்றிப் போய், மாமிமார் நின்ற வரிசையின் கடைசியில் நின்றாள்.