படலை இல்லாத வீடு

குருநகரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த கிறிஸ்துநாயகத்தின் சொந்த வீட்டு வாசலை அடைக்க ஒரு படலை இல்லை. எழுபத்து மூன்றாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே மதில் எழும்பிவிட்டது. அடுத்த வருஷத்துப் பெரிய வெள்ளியும் கழிந்துவிட்டது. வாசல் மட்டும் திறந்தபடி கிடந்தது.

ஊராரின் படலைகளுக்கெல்லாம் அவர் கம்பியில் தாமரையும் அன்னமும் வளைத்துக் கொடுத்தார். தன் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் கண்டிராத வேலையொன்று வேண்டுமென்று பட்டறையின் சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் கீறுவார். பொழுதுபடக் காலால் அழிப்பார். ஒரு நாள் அலை. இன்னொரு நாள் சிப்பி. பிறகு சிப்பிக்குள் அலை. எல்லாம் எங்கேயோ பார்த்தது போலவே இருந்தன.

அவருடைய மனைவி சின்னத்தங்கத்தின் பொறுமையைக் கெடுத்தவை ஆடுகள். பலகை சாத்தினாள்; காற்றில் விழுந்தது. பழைய கட்டில் சட்டத்தைக் கட்டினாள், கீழால் நுழைந்தன. கத்தரிக் கன்றுகள் மொட்டையான அன்று நேரே பட்டறைக்குப் போனாள்.

"இஞ்சேருங்கோ, ஆட்டுக்கு உங்கடை சித்திரம் விளங்காது. ஒரு கேற்றைப் போடுங்கோ."

"சும்மா போடுறதெண்டால் ஒரு நாள் வேலை. எனக்கெண்டு ஒண்டு மனசிலை வரவேணுமெல்லே!"

"எனக்கு வந்திட்டுது. தாங்கோ வெண்கட்டியை."

குந்தியிருந்து கீறினாள். கோணல் கோடுகள். கீழே ஆட்டின் கழுத்தளவுக்குத் தகடு. மேலே நெருக்கமாகக் கம்பிகள். ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி, சந்தைக் கூடையோடு வெளியில் நின்றே கைவிட்டுக் கொளுக்கியைத் தூக்குவதற்கு. உச்சியில் ஈட்டிமுனை கூடாது, சேலை கிழியும்.

"உது கேற்றோ, கோழிக்கூடோ? என்ரை பேர் கெட்டுப்போம்."

"வாசலிலை ஒண்டுமில்லாமல் கிடக்கிறதாலை மட்டும் பேர் வருதாக்கும்!"

அவள் கீறியபடியே செய்துபோட்டால் அவளே வெட்கப்படட்டும் என்ற கோபத்திலேயே அவர் வேலையைத் தொடங்கினார். ஆனால் அவளைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, முழங்கையைச் சுற்றி முதல் கம்பியை வளைக்க வேண்டியிருந்தது. ஆட்டின் தலை நுழையாதிருக்க அடுத்த கம்பியையும் அதை அணைத்தே வளைத்தார். அதற்கடுத்தது கொஞ்சம் குறைய. அப்படியே அந்த வளைவு மெலிந்து மெலிந்து மறு ஓரம் வரை போயிற்று. நிலத்தில் அவர் ஒருநாளும் கீறியிராத வளைவு.

படலையை வாசலில் பொருத்திவிட்டு வீதியில் நின்று நெடுநேரம் பார்த்தார். சின்னத்தங்கம் கூடையோடு வந்து, கைவிட்டுத் திறந்தாள்.

"நல்லாத்தான் கிடக்கு. கொளுக்கிதான் இறுக்கம். எண்ணெய் போடுங்கோ."

அடுத்த கிழமை பண்டத்தரிப்பில் ஒரு வீட்டுப் படலைக்கு அளவெடுக்கப் போனார். வீட்டுக்காரி மகாதேவி, படலையில் மயில் வேண்டுமென்று கேட்டாள்.

"போடலாம். விடியக் கேற்றடிக்கு முதல் வாறது ஆர்?"

"உமக்கேன் உந்தக் கதை?"

"சொல்லுங்கோவன்."

"நான்தான். எழும்பினவுடனை எனக்கு ரோட்டைப் பாக்கவேணும்."

"எங்கை நிண்டு பாப்பியள்? வந்து நில்லுங்கோ."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றாள். கிறிஸ்துநாயகம் அவளுடைய கண்மட்டத்தை அளவெடுத்தார்.