வைக்கோலுக்கு அடியில் போன ஒயர்

என் பிக்கப்பில் நேற்று மூன்று தடவை ஃப்யூஸ் போயிற்று. இன்று ஒரு தடவைகூடப் போகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை.

தினமும் ராபர்ட்சன்பேட்டை கடைகளுக்கு நான் பிரெட் போடுகிற வண்டி அது. கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்குச் சபையில் கேட்டார்கள், கொடுத்தேன். கொழுந்தன் டென்சில் பின்னால் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டினான். நாலு பெரிய விளக்கு, ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர். அத்தனைக்கும் பாட்டரியிலிருந்து ஒரே ஒல்லி ஒயர், வைக்கோலுக்கு அடியில்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தசரதனிடம் விடச் சொல்லி ஒரு வாரமாகக் கத்தினேன். தடித்த ஒயர், ரிலே, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் என்று அவர் சொல்லியிருந்தார். விளக்கில் இரண்டைக் குறைக்கவும் சொன்னார். டென்சிலுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் பானெட்டைத் திறந்தேன். ஃப்யூஸ் இருந்த இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி.

"டென்சில், இது இன்னா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. இனிமே ஃப்யூஸ் போவாது."

"போவாதுதான். ஒயரு எரியும்."

"எங்க தாத்தா நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டுக்கே கரண்ட் இழுத்தவரு. எங்களுக்குப் போயி..."

"அவரு ஃப்யூஸ் வெக்காமலா இழுத்தாரு?"

கிட்டார் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டென்சில் முகம் சுண்டியது. என் கணவர் பாபு பக்கத்தில் வந்தார்.

"எல்லாரும் பாக்கறாங்க ஷைலா. கொஞ்ச நேரந்தானே? சாவியக் குடு, நான் ஓட்டறேன்."

சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்பதுபோலக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. ஒயரைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. இதையே அவர் சொல்லியிருந்தால் அது ஜாக்கிரதை. நான் சொன்னதால் அது சிடுசிடுப்பு. நான் சொல்வது சரி என்று யாரும் பாராட்ட வேண்டாம். நம்பினால் போதும் என்றிருந்தது. அதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்றுதான் கொதித்தேன்.

வைக்கோல் மேல் ஒன்பது பிள்ளைகள். பஞ்சு ஒட்டிய இறக்கைகளோடு என் மகள் எலைன், ஒயர் போகிற இடத்துக்கு நேர் மேலே. "கெளம்பலாமாம்மா?" என்றாள்.

"டென்சில், அந்த ஒயரத் தொடு."

தொட்டான். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "லேசா சூடு. அவ்ளோதான்."

"லைட்டு போட்டே பத்து நிமிஷம் ஆவல. நீங்க தொடுங்க."

பாபு தொடவில்லை. நீட்டிய கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "புள்ளைங்கள எறக்குடா" என்றார் தம்பியிடம், என்னைப் பார்க்காமல். நான் பாட்டரி டெர்மினலைக் கழற்றினேன்.

நடந்தே போனோம். முதல் வீடு நேசமணி ஆண்ட்டியுடையது. அவர் பேத்தியும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.

"இன்னாடா, வண்டி அலங்காரம்னு ஊரெல்லாம் சொன்னீங்க. எங்க வண்டி?"

"அண்ணிக்கு மூடு சரியில்ல ஆண்ட்டி" என்றான் டென்சில்.

எல்லோரும் சிரித்தார்கள். பாபுவும் சிரித்தார். என்ன விஷயமென்று தெரியாமலே எலைனும் சிரித்தாள். வண்டி எரியவில்லை, அதனால் நான்தான் குற்றவாளி.

"ஃப்யூஸப் புடுங்கிட்டுக் கம்பியச் சுத்தி வெச்சிருந்தான் ஆண்ட்டி. அது மேல வைக்கோலு. வைக்கோலு மேல உங்க பேத்தி."

என் குரல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கிட்டார் நின்றது. ஆண்ட்டி பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நெஜமா பாபு?"

டென்சில் அண்ணனைப் பார்த்தான். பாபு வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆமா ஆண்ட்டி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வண்டிப் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதும் என் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தேன். தணியவில்லை.