எரிமலைக்குள் சிலோக்

தெருத் தலைவர் கோசாசி தன் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். அதன் நாலு மூலைகளும் சுருண்டுகொள்ளாமலிருக்க சிலிக்கான் குழாய், அளவுகோல், கண்ணாடி வெட்டும் கத்தி, பாதி குடித்த தேநீர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இமாஸ் எடுத்து வைத்தாள். வண்ணப் பென்சிலில் வரைந்திருந்தார். ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடி மாளிகை. நடுவில், அவர்கள் ஊருக்கு மேலே நிற்கிற தங்குபான் பராகு எரிமலை. அதன் உச்சியைச் சுற்றிக்கொண்டிருந்த பாம்பு பார்வையாளரைப் பார்த்துச் சிரித்தது. இடப்பக்கம் அருவி, பின்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி, கூரை விளிம்பில் சிவப்பும் வெள்ளையுமாக மினுக்கும் விளக்குகள். அடியில், பாம்பைவிடப் பெரிய எழுத்தில், ‘கோசாசி ஊர்வன அறிவு மூலை’.

“பாம்பு சிரிக்குதே, தலைவரே.”

“வரையறவனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டும்மா.”

“சரி, முகம் பாக்குற கண்ணாடி எதுக்கு?”

“ஒத்தையா இருக்கே, பாவம். ரெண்டா தெரிஞ்சா அதுக்கு ஒரு துணையா இருக்கும்ல.”

இமாஸ் சிரிக்கவில்லை. லெம்பாங் மலையில் இருபது வருடமாக மீன்தொட்டி செய்கிறவள். தொட்டிக்குள் பிளாஸ்டிக் மசூதி வேண்டும், மூழ்கிய கப்பல் வேண்டும், தன் மாமியார் படம் வேண்டும் என்று கேட்டவர்களையெல்லாம் பார்த்திருக்கிறாள். கேட்டது மனிதர்கள், உள்ளே வாழப்போவது வேறு யாரோ என்பதுதான் அந்தத் தொழிலின் ஆதாரம்.

ஆனால் இந்தத் தொட்டிக்குள் வாழப்போவது சிலோக். மகள் விவினுடைய பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டு பந்தாகிவிடும். அதனால் தள்ளுவண்டியில் விற்கும் மரவள்ளிமாவு உருண்டையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள் விவின். அவள் வெளிநாட்டில், நகோயாவில், முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று இமாஸ் கைக்குட்டையோடு போயிருந்தாள். விவின் காதோடு சொன்னது, “நான் வர்றப்போ சிலோக் இருக்கணும்மா” என்பதுதான். பெற்றவளைப் பற்றி அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

விவகாரம் ஆரம்பித்தது பக்கத்து வீட்டு தித்தினால். ஐஸ்கட்டி வாங்க வந்தவள் உறைபெட்டியைத் தானே திறந்து, சிலோக்கின் இரைக்காக உள்ளே வரிசையாக உறைந்து படுத்திருந்த வெள்ளெலிகளைப் பார்த்துவிட்டாள். அன்றோடு ஐஸ் வாங்குவது நின்றது. மறுநாளிலிருந்து வாரம் ஒருமுறை இமாஸின் வாசலில் உப்பு தூவ ஆரம்பித்தாள். உப்பைப் பாம்பு தாண்டாது என்பது அந்தச் சந்தில் யாரும் சந்தேகப்படாத உண்மை. பாம்பு வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, உப்பு போட்டால் வெளியே போக முடியாமல் இங்கேயே அல்லவா தங்கிவிடும் என்று இமாஸ் ஒருமுறை கேட்டாள். தித்தின் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிறகு தன் வாசலிலும் சேர்த்துத் தூவினாள்.

தெருக் கூட்டம் கூடியது. தலைவர் கோசாசி முப்பது வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றபோது முத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தக் கைக்குப் பிறகு ஒலிவாங்கி கிடைத்தது. பதினெட்டுக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த, ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கிற கூடத்தில், அவர் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். பயமுறுத்துவதைப் பூட்டி வைக்கக் கூடாது, பார்வைக்கு வைக்க வேண்டும் என்றார். ஆகஸ்ட் தெருப் போட்டிக்கு நம்மிடம் என்ன இருக்கிறது, பக்கத்துத் தெருவில் மூலிகைத் தோட்டமே இருக்கிறதே என்றார். முடிவு கை தூக்கி எடுக்கப்பட்டது. சிலோக் தெருக் கூடத்துக்குக் குடிபோக வேண்டும். நடுவர்கள் திருப்தியடைந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் கீழே நகரத்தில் ஒரு பாம்பு வியாபாரியிடம் போய்ச் சேரும். இமாஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: தொட்டி அவள் கையால்தான், சாவி அவளிடம்தான். பதினேழு கைகள் தூங்கிவழிந்தபடி அதற்கும் உயர்ந்தன.

அதனால்தான் இப்போது இந்த வரைபடம்.

தலைவரைப் பார்த்து முழுதாகக் கேலி செய்ய அவளுக்கு வாய் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. விவின் போன மறுவாரம் அவளும் இதையேதான் செய்தாள். மகள் விட்டுப்போன பழைய பிளாஸ்டிக் பெட்டி அவள் தொழிலுக்கே அவமானமாகத் தெரிந்தது. நாலு பக்கமும் தெளிந்த கண்ணாடியில், ஓர் ஒட்டுக்கூடத் தெரியாமல், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த தொட்டியைக் கட்டி வரவேற்பறையில் வைத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் தொட்டியைப் பாராட்டினார்கள். சிலோக் பதினொரு வாரம் சாப்பிடவில்லை. மூலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. கைப்பேசியில் விவின் முகத்தைப் பார்த்து “நல்லா இருக்கான், நல்லா இருக்கான்” என்று சொல்லிக்கொண்டே, இமாஸ் அதன் முதுகெலும்பு மெல்ல மேடிடுவதைத் தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் மதியம் கோபத்தில் சிமெண்டுப் பையைக் கிழித்து மூன்று பக்கம் ஒட்டினாள். ஒரு மண்சட்டியை இரண்டாக உடைத்து, வெப்பப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று கவிழ்த்தாள். சிலோக் நுழைந்து உடம்பு நாலாபுறமும் சட்டியில் உரச அடைந்துகொண்டது. நாலாம் நாள் எலியை விழுங்கியது. அதற்கு வேண்டியிருந்தது முதுகு தட்டுகிற ஓர் இருட்டு. பாராட்டு வேண்டியிருந்தது இமாஸுக்கு.

“எல்லாம் செஞ்சிடலாம் தலைவரே,” என்றாள் இமாஸ், வரைபடத்தைச் சுருட்டியபடி. “ஆறடி மட்டும் கூடத்து வாசல்ல நுழையாது. நாலடி. அருவி வெச்சா நம்ம ஊர்க் குளிருக்கு உள்ள இருக்கறவனுக்குச் சளி பிடிச்சிடும். அருவிக்குப் பதிலா ஆறு.”

“எந்த ஆறு?”

“நீங்களே பேர் வையுங்க.”

தலைவர் நெகிழ்ந்துபோனார். கனமான பீங்கான் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அன்றே, அந்த வட்டாரத்துப் பெரிய ஆற்றின் பெயரையே எடுத்து, சித்தாரும் ஆறு என்று பெயரிட்டார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. தொட்டியைக் கூடத்துத் தரையிலேயே வைத்தாள். முன்பக்கம் மட்டும் தெளிந்த கண்ணாடி, மற்ற மூன்றும் கறுப்பு. தரையில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய்நார்த் தூள், கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஆனால் நீர் சொட்டாத ஈரத்தில். கூரையில் கம்பிக் கூண்டுக்குள் வெளிச்சமில்லாத சூட்டுக் குமிழ். சூடு எல்லை மீறாமல் அதை அணைத்து எரிக்க ஒரு கருவி. வலக்கோடியில் முப்பத்திரண்டு டிகிரி, இடக்கோடியில் இருபத்தாறு. பாம்பு படுக்கிற உயரத்தில் வெப்பமானி வைத்து மூன்று நாள் காலையும் மாலையும் பார்த்து, நாலாம் நாள்தான் நம்பினாள். குளிர்ப் பக்கம் பழைய பாதிச் சட்டி, பிளாஸ்டிக் இலைகளுக்குப் பின்னால். வெப்பப் பக்கம் எரிமலை.

எரிமலையில்தான் அவள் கை விளையாடியது. தங்குபான் பராகு கவிழ்ந்த படகு மாதிரி நீண்டு கிடக்கிற மலை. ஒரு மண் தொட்டியைக் கவிழ்த்து, மேலே சுண்ணக்கலவை பூசி, பள்ளத்தாக்குகளைக் கரண்டிக் காம்பால் கீறி, உச்சியைச் சாம்பல் நிறத்தில் மழுக்கினாள். அடிவாரத்தில், தரையோடு தரையாக, முட்டை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு துளை. கண்ணாடியை ஒட்டி, வெளிப்பக்கம் பார்த்து. மலை மலையாகவே இருந்தது. உள்ளே வெறும் சட்டி.

முகம் பார்க்கும் கண்ணாடியையும் அவள் விட்டுவிடவில்லை. வாசலைப் பார்த்த தொட்டியின் பக்கச் சுவரில் பதித்தாள், சற்று மேல்நோக்கிச் சாய்த்து, பளபளப்பு வெளியே இருக்கும்படி. சோதனையிட வந்த தலைவர் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார். நின்றார். கறுப்புத் தொப்பியைச் சரிசெய்தார். மீசையை ஒருபுறம் தடவினார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கும்மா,” என்றார். பாம்பின் தனிமையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

சிலோக் குடிபோனதும் எரிமலைக்குள் நுழைந்தது. இரண்டு வாரம் சாப்பிடவில்லை. இமாஸ் அதை வெளியே எடுக்கவுமில்லை, எட்டிப் பார்க்கக் கூட்டம் சேர்க்கவுமில்லை. முன்கண்ணாடியில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, தண்ணீர் மாற்ற மட்டும் போய்வந்தாள். நடுவர்கள் வருவது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறைந்த எலியை வெந்நீரில் காட்டி இளக்கி, இடுக்கியில் பிடித்துத் துளைக்கு முன்னால் வைத்தாள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடுக்கி வெடுக்கென்று இழுபட்டது. எரிமலை எலியை எடுத்துக்கொண்டது. இமாஸ் யாருமற்ற கூடத்தில் உரக்கச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. நடுவர்கள் இன்றே வருகிறார்களாம்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தலைவர் துணியை விலக்கி, ரிப்பன் கட்டி, தொட்டிமேல், விழாக்களில் வைக்கிற மஞ்சள்சோற்றுக் கூம்பைக்கூட வைத்துவிட்டிருந்தார். சோற்றை முதலில் இறக்கினாள். அச்சடித்த நிகழ்ச்சிநிரல் அவள் கையில் திணிக்கப்பட்டது. பத்து முப்பது, வரவேற்புப் பாடல். பத்து நாற்பது, பாம்பு சாப்பிடுதல். பத்து ஐம்பது, ரிப்பன் வெட்டுதல்.

“இத அவன் படிச்சானா, தலைவரே?”

“இப்ப கிண்டல் பண்ற நேரமா இது? ஆள் எங்க? மலை மேல ஒண்ணையும் காணோமே!”

“மலைக்குள்ள இருக்கான்.”

“வெளிய எடும்மா.”

“நேத்து சாயங்காலம் சாப்ட்டிருக்கான். ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாது. தொட்டா வாந்தி எடுத்துடுவான். அப்புறம் திரும்பவும் பட்டினிதான், இந்தத் தடவை தாங்க மாட்டான்.”

“வந்தவங்க பாம்பைப் பாக்கலேன்னா அது இந்தத் தெருவுலயே இருக்காது. ஞாபகம் இருக்கட்டும். கூட்டத்துல எடுத்த முடிவு.”

“சாவி என்கிட்டதான் இருக்கணும்னு எடுத்ததும் அதே கூட்டந்தான்,” என்றாள் இமாஸ். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

நடுவர்கள் மூன்று பேர். வட்டார அலுவலகத்திலிருந்து இஸ்திரி மடிப்பு கலையாத, சாயப் பூப்போட்ட பாத்திக் சட்டையில் ஒருவர், புகைப்படம் எடுப்பவர், கால்நடைத் துறையிலிருந்து ஹெராவதி என்ற குட்டையான அம்மாள். பாத்திக் சட்டைக்காரர் வாசலில் கண்ணாடியைப் பார்த்துச் சீப்பு எடுத்தார். பாடல் முடிந்தது. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார்: ஊர்வனவற்றின் பெருமை, தெருவின் ஒற்றுமை, தன் இளமைக்காலம். பேசிக்கொண்டே மோதிரம் போட்ட விரலால் தொட்டியின் கண்ணாடியைத் தட்டினார். இரண்டாவது தட்டு விழும் முன் இமாஸ் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“தட்டினா தொறக்குற வீடு இல்ல இது.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரின் காது சிவந்தது. “பாம்பு… பாம்பு இப்போது… ஓய்வில் உள்ளது,” என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். புகைப்படக்காரர் காலி எரிமலையை ஒரு படம் எடுத்துவிட்டு கேமரா மூடியைப் போட்டார். பாத்திக் சட்டைக்காரர் ஏதோ எழுதினார்; எழுதி முடித்ததும் அடிக்கோடு இட்டார்.

ஹெராவதி அம்மாள் வெப்பமானியைப் பார்த்தார். பிறகு மறுகோடியில் இருந்த இன்னொன்றை. இமாஸ் பக்கம் திரும்பினார்.

“கடைசியா எப்பம்மா சாப்ட்டது?”

“நேத்து சாயங்காலம்.”

“அப்ப எடுக்கவே கூடாது. எது வழியாப் பாக்கணும்?”

“கீழ ஒரு துளை இருக்குங்க. ஆனா குனிஞ்சா போதாது. படுக்கணும்.”

அந்த அம்மாள் கைப்பையைப் பாத்திக் சட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தரையில் விரித்திருந்த தார்ப்பாயில் மண்டியிட்டு, முழங்கை ஊன்றி, அப்படியே கன்னத்தைத் தரையில் வைத்தார். வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது கன்னத்தில் தார்ப்பாய்க் கோடு பதிந்திருந்தது.

“நீங்களும் பாருங்க சார்.”

வேறு வழியில்லாமல் அவரும் படுத்தார். இஸ்திரி மடிப்பு அந்தக் கணமே செத்தது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. தெருவின் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றி, பின்புறத்தை வானத்துக்குக் காட்டியபடி, ஒரு கவிழ்த்த சட்டியின் வாசலில் ஒற்றைக் கண்ணை வைத்தார்கள். தித்தின் உப்புப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தாள்.

“அட, தூங்குமூஞ்சி,” என்றாள் உள்ளே பார்த்தபடியே. “இமாஸக்கா, இதுக்கா நான் மூணு கிலோ உப்பு போட்டேன்?”

கடைசியில் தலைவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஹெராவதி அம்மாள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. பேனா திறந்தபடி இருந்தது. இமாஸ் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள், அதன் பல் உள்ளங்கையில் பதியும் அளவுக்கு.

“முட்டி வலி,” என்றார் தலைவர், யாரும் கேட்காமலே.

“பிடிச்சிக்கிறேன், வாங்க,” என்று அவள் மறுகையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு ஒரு முட்டியை மடக்கினார், பிறகு மற்றதை. தொப்பி விழுந்து சோற்றுக் கூம்பின் பக்கம் உருண்டது. வயிறு தரையைத் தொட்டது, கன்னம் தொட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே சுருள்மேல் சுருளாக அடைந்திருந்த பழுப்பும் கறுப்பும் மெல்ல ஒருமுறை அசைந்தது. நடுவிலிருந்து ஒரு தலை நகர்ந்து துளைவரை வந்தது. நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டது, உள்ளே போனது, மறுபடி வந்தது.

ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அணைக்க மறந்திருந்தார். வெளியே மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில், சந்தின் அந்தக் கோடி வரைக்கும், ஒரு மனிதன் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.