பெரியண்ணனுக்கு மலச்சிக்கல்

இணையத்தில் எங்கள் ஆமை வளர்ப்போர் குழுவில் நாற்பதாயிரம் பேர். அத்தனை பேருக்கும் நான்தான் தலைவி. தைனான் நகரத்தில் ஒரு ஆமை தும்மினால், அதை வளர்ப்பவர் முதலில் ஃபோனை எடுத்து என்னைத்தான் தேடுவார். பதினோரு வருஷமாக ஆமை வளர்க்கிறேன். கால்நடை டாக்டர்கள் படிப்பதோ ஐந்தே வருஷம். அப்படியானால் யாருக்கு அதிகம் தெரியும்? இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

குழுவில் நான் வைத்த முதல் விதி, "டாக்டர்கிட்ட போங்க" என்று யாரும் எழுதக் கூடாது என்பதுதான். எழுதினால் ஆளைத் தூக்கிவிடுவோம். எங்கள் ஊரில் ஆமை பார்க்கிற ஒரே டாக்டரான வெங்கைப் பற்றி வாரம் ஒரு பதிவாவது போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். "ஊசியை விட்டால் வேறு ஒன்றும் தெரியாத மனுஷன்" என்று ஒருமுறை எழுதினேன். இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் பெரியண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

பெரியண்ணன் என் ஆமை. முப்பத்திரண்டு கிலோ. முற்றத்து டைல்ஸைப் பின்னங்கால்களால் சுரண்டிக்கொண்டே இருந்தான். மலச்சிக்கல் என்று உடனே தீர்ப்பு சொன்னேன். பப்பாளி கொடுத்தேன், பூசணி கொடுத்தேன், வெந்நீரில் உட்கார வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் கழுத்தைத் தரையில் போட்டுவிட்டான். அவனுக்கு உயிரான செம்பருத்தியை நீட்டினேன், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. புருஷன் போன பிறகு அந்த வீட்டில் என் குரல் கேட்டுத் தலை தூக்குகிற ஜீவன் அது ஒன்றுதான்.

ஆனால் தலைவி போய் யாரிடம் யோசனை கேட்பது? வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, என் குழுவிலேயே புதுசாகச் சேர்ந்து கேட்டேன். "ஒம்பது நாளா சாப்பிடலைங்க. டாக்டர் வெங்கிட்ட காட்டலாமா?"

என் துணைத் தலைவர் சூ பாய்ந்து வந்தார். "ஏம்மா, லியாவ் அக்கா எழுதினதெல்லாம் படிக்கவே மாட்டியா? பப்பாளி குடு!"

"குடுத்தாச்சுங்க. உயிரே போயிடும் போலிருக்கு."

"அக்காவை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா? நீயெல்லாம் எதுக்கு ஆமை வளர்க்கறே? போய் ஒரு கல்லை வளர்த்துக்கோ!"

அந்த லியாவ் அக்கா நான்தான். பதில் எழுதுவதற்குள் என்னை என் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்.

வேறு வழியில்லை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பெரியண்ணனை ஏற்றி, காலை அகட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊரறியத் திட்டின ஆளிடம் வெறுங்கையோடு போக முடியுமா? வழியில் பழுத்த அன்னாசியாகப் பார்த்து இரண்டு வாங்கி ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன்.

கிளினிக் கதவைத் திறந்ததும் நர்ஸ் யூ-ஷான் அலறினாள். "ஐயோ அக்கா! அன்னாசியோட உள்ள வராதீங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பேச்சில் அன்னாசியின் பெயர் 'பெருகி வா' என்பதுபோல ஒலிக்கும்; அது போகிற இடத்துக்குக் கூட்டம் வரும் என்பார்கள். கடைக்குக் கொண்டுபோனால் வாழ்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சாபம். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். சமாதானம் பேச வந்தவள் வாசலிலேயே வம்பை நீட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் வெங் எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனுஷர், கோட்டில் கீரை ஒட்டியிருந்தது. "விடும்மா யூ-ஷான். கூட்டம் சேர அன்னாசி எதுக்கு? லியாவ் அக்கா குரூப்பே போதுமே."

"என்னைத் தெரியுமா டாக்டர்?"

"மூணு வருஷமா உங்க குரூப்லதான இருக்கேன். காலையில நீங்க பூசணி நல்லதுன்னு போட்டா, சாயங்காலம் இங்க எட்டு ஆமைக்கு வயித்தால போகுது. அதைப் பார்த்துத்தான் நான் மருந்தே எடுத்து வைக்கிறேன்."

தலையை உள்ளே இழுத்துக்கொள்ள எனக்கொரு ஓடு இல்லையே என்றிருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் வட்ட வட்டமாக என்னென்னவோ தெரிந்தது.

"ரொம்பக் கெட்டியான மலச்சிக்கலா டாக்டர்?"

"முட்டை."

"யாரோட முட்டை?"

"பெரியண்ணனோடதுதான்."

"அவன் ஆம்பளை டாக்டர்!"

"யாரு சொன்னா?"

"குரூப்ல சொன்னாங்க."

"குரூப்ல யாரு?"

நான் சுவரைப் பார்த்தேன். "நான்தான்."

ஆண் ஆமையை அடையாளம் காண்பது எப்படி என்று நான் எழுதி, குழுவின் உச்சியில் ஒட்டிவைத்திருக்கிற பாடத்தில் உதாரணப் படமே பெரியண்ணனின் வால்தான்.

"ஜோடியே இல்லாம எப்படி டாக்டர் முட்டை?"

"கோழி போடலையா? மண்ணைத் தோண்டிப் போட இடம் தேடியிருக்கா. நீங்க டைல்ஸ் போட்டு வெச்சிருக்கீங்க. பாவம், அடக்கிட்டே இருந்திருக்கா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு திட்டாவது திட்டிடுங்க டாக்டர்."

"முதல்ல ஊசி. திட்டு எங்க ஓடிடப் போகுது?"

ஊசி போட்டு, கிளினிக்குக்குப் பின்னால் ஈரமண்ணில் விட்டார். பெரியண்ணன் பின்னங்கால்களால் மெதுவாகத் தோண்டினாள். நானும் யூ-ஷானும் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தோம். மத்தியானம் முதல் முட்டை தொப்பென்று விழுந்தது. நான் கைதட்டினேன். மொத்தம் இருபத்திரண்டு. எல்லாம் முடிந்து, அவள் தலையைத் தூக்கி என் கையிலிருந்த செம்பருத்தியைப் பிடுங்கித் தின்றபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அப்போது சூவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, ஒருத்தரோட ஆமை ஏழு நாளா சாப்பிடல. பின்னங்காலால தரையைச் சுரண்டுதாம். பப்பாளிதானே?"

முட்டை, இன்ன ஊசி, இவ்வளவு ஈரமண் என்று முழு வைத்தியத்தையும் தட்டி முடித்துவிட்டேன். அனுப்பப்போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் வெங் முழங்கை வரை சேறோடு, உள்ளே ஏதாவது தங்கிவிட்டதா என்று பெரியண்ணனின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கே இன்னும் சந்தேகம் தீரவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினேன்: "எனக்குத் தெரியாது. இன்னைக்கே டாக்டர் வெங்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அடுத்த நிமிஷமே குழு முழுவதற்கும் சூவின் அவசர அறிவிப்பு வந்தது: "எல்லாரும் ஜாக்கிரதை! நம்ம லியாவ் அக்கா கணக்கை யாரோ திருடிட்டாங்க."