பறவைச் சோப்பு

செத்துப்போன அப்பாவைப் பெஞ்சில் கிடத்தி இரண்டாவது குடம் ஊற்றியபோது, அம்மா அத்தாயி உள்ளேயிருந்து ஒரு தகர டப்பாவோடு வந்தாள்.

"இதைப் போட்டுத் தேய்ங்க கொழுந்தனாரே. சாமியார் குடுத்த சோப்பு. கற்பூர வாசம் நொம்ப நல்லாருக்கும்."

சித்தப்பா ஐயாக்கண்ணு கையை நீட்டினார். காலை பஸ்ஸில் சேலத்திலிருந்து வந்திருந்த மகள் அமலி முந்திக்கொண்டு வாங்கினாள். மூடியில் ஒட்டிய தாள் பழுப்பேறியிருந்தது. எழுத்து அழியவில்லை. ஸாப்போ அவியாரியுஸ்.

ஏற்காட்டில் வெள்ளைக்காரப் பாதிரிச் சாமியாரின் பறவை அறையில் அப்பாவுக்கு வேலை. செத்த பறவைகளின் தோலை உரித்துப் பஞ்சடைப்பார். சோறு கொண்டுபோகும் அமலிக்கு லத்தீன் சீட்டுகளைப் படித்துக் காட்டுவார். ஸாப்போ என்றால் சோப்பு. அவியாரியுஸ் என்றால் பறவைக்கு உரியது. அலமாரிச் சீட்டில் அதே சொல் அவியாரியும் என்று இருக்கும். "கூட நிக்கற சொல்லப் பாத்து வால் மாறும் கண்ணு, தலை மாறாது" என்பார். டப்பாவை மட்டும் தொட விடமாட்டார். தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க அதில் பாஷாண விஷம் கலந்திருந்தது; மனிதர் மேல் படப்படக் கரும்புள்ளி விழுந்து மெல்ல உயிரை எடுக்கும். சாமியார் சீமைக்குப் போனதும், எவர் கையிலும் படக்கூடாதென்று அதைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பக்கவாதத்தில் அவர் பேச்சு போனபின் பெட்டிச் சாவி அம்மாவிடம் வந்தது.

"எத்தன நாளா இதத் தேய்க்கறம்மா?"

"வாய் இழுத்ததுல இருந்துதான். ரெண்டு வருசமா, சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை. டப்பாவத் தொறந்தாலே தலைய ஆட்டி ஆட்டி என் கையப் புடிச்சுக்குவாரு. தண்ணின்னா அத்தன பயம் பாவம். நான் உடமாட்டன்."

அமலி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரிந்துதான் இருந்தது.

"மூடில என்ன கண்ணு எழுதியிருக்குது?"

சொன்னால் அம்மா அதன்பின் உயிரோடு இருக்கமாட்டாள்.

"பறவைச் சோப்புன்னும்மா."

"பறவைக்கா? மனுசனுக்கும் ஒத்துக்கிச்சே."

"இது கெட்டுப்போச்சுங்க சித்தப்பா. கடையில வேற வாங்கியாரச் சொல்லுங்க."

டப்பாவை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மாவை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு குடம் நிறைந்திருந்தது.

"கைய நீட்டும்மா."

"எதுக்கு கண்ணு, இப்பத்தான கழுவுனேன்?"

நீட்டினாள். உள்ளங்கை தடித்துக் கிடந்தது. அப்பாவின் கையிலிருந்த அதே கரும்புள்ளிகள், மிளகைக் கொட்டியது போல.

அமலி தண்ணீரை ஊற்றினாள். போதும் கண்ணு என்று அம்மா சொன்னாள். குடம் காலியாகும்வரை ஊற்றினாள்.